மூன்று தளங்களும் ஒரு பழைய பூஜை அறையும்: எங்கள் அலுவலக நெட்வொர்க் பணி, பதினான்கு மாதங்களுக்குப் பின்

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் சிறிய நிறுவனம் ஒன்றின் நிர்வாகத்தைக் கவனித்து வருகிறேன். முன்பு குடியிருப்பாக இருந்து, பிறகு அலுவலகமாக வாடகைக்கு விடப்பட்ட மூன்று தளக் கட்டடம் எங்களுடையது. தரைத்தளத்தில் சாம்பிள் அறையும் துணிக் கிடங்கும், முதல் தளத்தில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சன்டைசர்களும் கணக்குப் பிரிவும், இரண்டாம் தளத்தில் பேட்டர்ன் வரையும் பிரிவும் கூட்ட அறையும் இருக்கின்றன. மொத்தம் இருபத்தொரு பேர் வேலை செய்கிறோம். இந்தக் கட்டடம் முழுமைக்கும் கணினி வலையமைப்பைத் திட்டமிட்டு நிறுவித் தந்த உள்ளூர் நிறுவனத்தின் பணியைப் பற்றியதே இந்த மதிப்புரை. பணி முடிந்த வாரத்திலேயே எழுதியிருந்தால் ஐந்துக்கு ஐந்து மதிப்பெண் கொடுத்திருப்பேன். ஆறாவது மாதத்தில் எழுதியிருந்தால் இரண்டு கொடுத்திருப்பேன். பதினான்கு மாதங்கள் பயன்படுத்திய பிறகே நிறையும் குறையும் அதனதன் அளவில் தெரிகின்றன. குறைகளையும் சொல்லப் போவதால் நிறுவனத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

இதற்கு முன் எங்களிடம் இருந்ததை வலையமைப்பு என்று சொல்வதே மிகை. இணைய இணைப்புக் கொடுத்தவர்கள் முதல் தளத்தில் வைத்துவிட்டுப் போன ஒரு ரவுட்டர், அதிலிருந்து ஜன்னல் வழியாக வெளியே போய் மேல்தள ஜன்னல் வழியாக உள்ளே நுழைந்த ஒரு கேபிள், அதன் முனையில் எட்டு போர்ட் (கேபிள் செருகும் துளை) கொண்ட ஒரு பிளாஸ்டிக் சுவிட்ச் (பல கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டி), அதிலிருந்து இன்னொரு சுவிட்ச் என்று ஆலமரத்து விழுது போல அது தானாக வளர்ந்திருந்தது. தரைத்தளத்துக்குக் கேபிளே இல்லை; பேட்டர்ன் கோப்புகளைப் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு ஒரு பையன் நாள்தோறும் இருபது முறை படியிறங்கிக் கொண்டிருந்தான். வெயில் பட்ட ஜன்னல் கேபிளின் மேலுறை வெடித்து, ஐப்பசி மழையில் இரண்டு நாட்கள் கணக்குப் பிரிவு முடங்கிய பிறகே முறையாகச் செய்வது என்று முடிவெடுத்தோம்.

மூன்று இடங்களில் விலைப்புள்ளி கேட்டோம். ஒருவர் தொலைபேசியிலேயே, எத்தனை பாயின்ட் (கேபிள் வந்து முடியும் சுவர் இணைப்பு) என்று மட்டும் கேட்டுவிட்டு, ஒரு பாயின்டுக்கு இவ்வளவு என்று பெருக்கிச் சொன்னார். கட்டடத்தைப் பார்க்க வேண்டாமா என்று கேட்டதற்கு, "ஒயர் இழுக்கறதுக்கு எதுக்குங்க சார் பார்க்கணும், வந்து இழுத்துக்கலாம்" என்றார். இன்னொருவர் கேபிளே தேவையில்லை, மூன்று வைஃபை கருவிகள் போதும் என்றார். நாங்கள் தேர்ந்தெடுத்த நிறுவனத்தினர் மட்டுமே இருவராக நேரில் வந்து, அரை நாள் முழுவதும் டேப் பிடித்து அளந்தார்கள். மின் பலகை எங்கே, எந்தச் சுவருக்குள் மின்கம்பி ஓடுகிறது, அயர்ன் டேபிளுக்கும் கம்ப்ரசருக்கும் மின்சாரம் எங்கிருந்து போகிறது, மழை நீர் எந்தச் சுவரில் இறங்குகிறது, இரண்டு ஆண்டுகளில் எந்தப் பிரிவில் ஆள் கூடும் என்றெல்லாம் கேட்டார்கள். அந்த அரை நாளுக்குத் தனிக் கட்டணம் கேட்கவில்லை. இந்தப் பணியின் மதிப்பில் பாதிக்கு மேல் அந்த அரை நாளில்தான் இருந்தது என்பது எனக்குப் பிறகு புரிந்தது.

பல தளங்கள் உள்ள கட்டடத்தில் முதலில் தீர்மானிக்க வேண்டியது கேபிள்கள் எல்லாம் வந்து சேரும் இடம். நான் வாசலுக்கு அருகில், தரைத்தளப் படிக்கட்டின் அடியில் ரேக் (சுவிட்சுகளை அடுக்கும் சட்டகம்) வைக்கலாம் என்று நினைத்திருந்தேன். அங்கே தண்ணீர் மோட்டாரின் ஸ்டார்ட்டர் இருப்பதையும், சுவரின் ஓதத்தையும் காட்டி அவர்கள் மறுத்தார்கள். முதல் தளத்தில், கட்டடம் வீடாக இருந்த காலத்துப் பூஜை அறையைத் தேர்ந்தெடுத்தார்கள். நடுத்தளம் என்பதால் மேலும் கீழும் தூரம் குறைவு, கதவுக்குப் பூட்டு உண்டு, உயரத்தில் ஒரு சிறு சாளரம் இருப்பதால் வெப்பம் தங்காது. எங்கள் கணக்காளர் அந்த அறைக்குள் இன்றும் செருப்புடன் எவரையும் விடுவதில்லை. அது கருவிகளுக்கும் நல்லதாகவே முடிந்திருக்கிறது.

இரண்டாம் தளத்துக்குத் தனி சுவிட்ச் வைக்காமல், அங்குள்ள பதினான்கு பாயின்டுகளின் கேபிள்களையும் நேராக முதல் தளத்து ரேக்குக்கே கொண்டுவந்தார்கள். செப்புக் கேபிளுக்கு நூறு மீட்டர் வரம்பு உண்டு. அதில் சுவருக்குள் நிலையாக ஓடும் பகுதி தொண்ணூறு மீட்டருக்குள் இருக்க வேண்டும், மிச்சம் பத்து மீட்டர் இரு முனைகளிலும் பயன்படும் பேட்ச் கார்டுகள் என்னும் குட்டைக் கேபிள்களுக்கு உரியது. எங்கள் கட்டடத்தில் மிக நீளமான ஓட்டமே ஐம்பத்தெட்டு மீட்டர்தான் என்பதால், தளத்துக்கு ஒரு சுவிட்ச் வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு யூபிஎஸ்ஸும் பூட்டும் தேடுவதைவிட எல்லாவற்றையும் ஓர் அறையில் வைப்பது எளிது என்றார்கள். கேபிள் அதிகம் செலவாயிற்று என்பது உண்மை. ஆனால் இரண்டாம் தளத்தில் பழுதாகக்கூடிய மின்கருவி என்று கூரையில் உள்ள வைஃபை கருவியைத் தவிர எதுவும் இல்லை. மின்வெட்டு நேரத்தில் மேலே எவரும் ஓட வேண்டியதும் இல்லை.

தளங்களுக்கிடையே கேபிள் ஏறும் வழிக்காக அவர்கள் எடுத்துக்கொண்ட அக்கறையைத் தனியே சொல்ல வேண்டும். கட்டடத்தின் பின்புறம் குளியலறைக் குழாய்கள் இறங்கும் திறந்த சந்து ஒன்று உண்டு. வேறு எவராக இருந்தாலும் அதைத்தான் பயன்படுத்தியிருப்பார்கள். உள்ளறைக் கேபிளின் மேலுறை வெயிலைத் தாங்காது என்று சொல்லி, அவர்கள் படிக்கட்டு மூலையில், உத்தரத்தையும் கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பிகளையும் தவிர்த்து, கான்கிரீட் தளத்தில் கோர் கட்டிங் இயந்திரத்தால் துளையிட்டார்கள். வீட்டு உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும் என்று வற்புறுத்தியதும் அவர்களே. மின்கம்பிகள் ஏறும் சுவருக்கு எதிர்ச் சுவரில் இரண்டு அங்குலக் குழாய்கள் இரண்டைப் பதித்தார்கள். ஒன்றில் கேபிள்கள், மற்றதில் ஒரு நைலான் கயிற்றை மட்டும் விட்டு வெறுமையாக வைத்தார்கள். கேபிள் ஓடும் குழாயின் உட்பரப்பில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக்கூடாது என்பது இந்தத் தொழிலின் நடைமுறை. எங்களுடையதில் கால் பங்குதான் நிரம்பியிருக்கிறது. காலிக் குழாய்க்குப் பணம் கொடுக்க அன்று எனக்கு மனமில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் துளையைச் சுற்றியிருந்த இடைவெளியை மூடாமல் போய்விட்டார்கள். துணி அடுக்கி வைத்திருக்கும் கட்டடத்தில், தளத்துக்குத் தளம் திறந்த ஓட்டை இருந்தால் தீயும் புகையும் ஏறுவதற்கு நாமே வழி செய்து கொடுத்ததாகும். எங்கள் ஆடைகளை வாங்கும் வெளிநாட்டு நிறுவனமான பையர் சார்பில் தணிக்கைக்கு வருபவர்கள் முதலில் பார்ப்பதே இதைப் போன்றவற்றைத்தான். இரண்டு முறை நினைவூட்டிய பிறகு வந்து, தீத்தடுப்புப் பூச்சால் அடைத்துக் கொடுத்தார்கள். திட்டத்திலேயே இருந்திருக்க வேண்டிய வேலை இது.

தரைத்தளத்துக்கு மட்டும் செப்புக்குப் பதிலாக ஃபைபர் என்னும் கண்ணாடி இழைக் கேபிளை இழுத்தார்கள். பில்லைக் கூட்டுவதற்கான வழி என்றே முதலில் எடுத்துக்கொண்டேன். எங்கள் தரைத்தளம் ஒரு காலத்தில் கடையாக இருந்ததால் அதற்குத் தனி மின் இணைப்பும் தனி எர்த்தும் உண்டு. சாதாரண நாட்களில் இதனால் பெரிய தொல்லை இல்லை, ஏனெனில் ஈதர்நெட் போர்ட்டுகளுக்குள்ளேயே மின் தொடர்பைப் பிரிக்கும் சிறு டிரான்ஸ்ஃபார்மர்கள் இருக்கின்றன. ஆனால் இடி இறங்கினாலோ, ஓர் இணைப்பில் மின்னழுத்தம் திடீரென எகிறினாலோ, செப்புக் கம்பி அந்த அதிர்ச்சியை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குக் கடத்திவிடும். கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது. கடந்த கோடை மழையில் இடி விழுந்து தரைத்தளத்து மின்விசிறி ஒழுங்கியும் ஒரு சார்ஜரும் கருகியபோது, மேல்தளக் கருவிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை ஃபைபர்தான் காப்பாற்றியது என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் அந்தச் செலவைப் பற்றி இப்போது முணுமுணுப்பதில்லை.

கேபிளின் தரத்தில் அவர்கள் மீது ஒரு குறையும் சொல்ல முடியாது. கேட்-6 வகையைப் பரிந்துரைத்தார்கள். ஒரு ஜிகாபிட் வேகத்துக்குக் கேட்-5இ வகையே போதும்; கேட்-6 இட்டால் ஐம்பத்தைந்து மீட்டர் வரை பத்து ஜிகாபிட்டையும் எதிர்பார்க்கலாம், நூறு மீட்டர் வரை அந்த வேகம் வேண்டுமென்றால் கேட்-6ஏ வேண்டும் என்று விளக்கி, எங்கள் வேலைக்கு நடுவில் உள்ளதே தகும் என்றார்கள். 305 மீட்டர் பெட்டிகளை என் முன்னால்தான் பிரித்தார்கள். மேற்பார்வையாளர் ஒரு கம்பியின் முனையைப் பிளேடால் சுரண்டி, உள்ளும் செம்பு நிறமாகவே இருப்பதைக் காட்டினார். அலுமினியக் கம்பிக்கு மேலே செம்பு முலாம் பூசி விற்கப்படும் கேபிளைச் சுரண்டினால் உள்ளே வெள்ளி நிறம் தெரியும். அதைத் தூக்கிப் பார்த்தாலே எடை குறைவு. மின்தடை அதிகம், வளைத்தால் எளிதில் முறியும், கேபிள் வழியாகவே மின்சாரமும் அனுப்பும் கேமராக்களுக்கும் வைஃபை கருவிகளுக்கும் பயன்படுத்தினால் சூடாகும். விலைப்புள்ளிகளுக்கிடையே இருந்த பெரிய வித்தியாசத்தின் ஒரு பகுதி இந்த இடத்தில்தான் ஒளிந்திருந்தது. தொலைபேசியில் விலை சொன்னவரிடம் முழுச் செம்பா என்று பிறகு கேட்டபோது, "எல்லாம் ஒண்ணுதாங்க" என்ற பதிலே வந்தது.

நெட்வொர்க் சுவிட்சுகளைத் தேர்ந்தெடுத்ததிலும் ஊரின் தன்மையை அறிந்த புத்தி இருந்தது. சாம்பிள் அறையில் பஞ்சுத் தூசி எப்போதும் மிதந்துகொண்டே இருக்கும். மின்விசிறி உள்ள கருவியை அங்கே வைத்தால் சில மாதங்களில் அதன் வாயெல்லாம் பஞ்சடைத்துவிடும். எனவே தரைத்தளத்துக்கு விசிறி இல்லாத எட்டு போர்ட் சுவிட்சைக் கதவுள்ள சிறு சுவர்ப் பெட்டியில் வைத்துப் பூட்டிக் கொடுத்தார்கள். மேலே இரண்டு இருபத்துநான்கு போர்ட் சுவிட்சுகள். கேமராக்கள், அலுவலகக் கணினிகள், விருந்தினர் வைஃபை மூன்றையும் தனித்தனி வி-லேன்களாக, அதாவது ஒரே சுவிட்சுகளில் ஓடினாலும் ஒன்றையொன்று பார்க்காத வலையமைப்புகளாகப் பிரித்தார்கள். சரக்கைச் சோதிக்க வரும் பையர் தரப்பினர் நாள் முழுவதும் எங்கள் வைஃபையைத்தான் பயன்படுத்துவார்கள். அவர்களுடைய மடிக்கணினியிலிருந்து எங்கள் கணக்குக் கோப்புறை தெரியக்கூடாது அல்லவா? கணினிகளின் வலையமைப்பு முகவரிகளைத் தளவாரியாகப் பிரிக்க வேண்டும் என்று நான் கேட்டேன். ஆள் தளம் மாறினால் எல்லாம் குழம்பும், பயன்பாட்டின் அடிப்படையில் பிரிப்பதே நிலைக்கும் என்று அவர்கள் சொன்னது சரியாகவே இருந்தது. சென்ற தை மாதம் இரண்டு மெர்ச்சன்டைசர்கள் மேல்தளத்துக்குப் போனபோது சுவர்க் கேபிள்கள் வந்து முடியும் ரேக் பலகையான பேட்ச் பேனலில் இரண்டு கார்டுகளை மாற்றியதோடு வேலை முடிந்தது.

வைஃபையில்தான் முதல் சறுக்கல். கான்கிரீட் தளம் அலையைப் பெருமளவு விழுங்கிவிடும் என்பதால் தளத்துக்கு ஒரு கருவி என்று திட்டமிட்டது முறையே. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத 1, 6, 11 ஆகிய மூன்று சேனல்களைத் தளத்துக்கு ஒன்றாக ஒதுக்கியதும் சரிதான். ஆனால் இரண்டாம் தளத்துக் கருவியை, கேபிள் இழுக்க வசதியாக இருக்கிறது என்பதற்காக, மாதிரி ஆடைகள் தொங்கும் இரும்பு அலமாரிகளுக்கு நேர் மேலே மாட்டிவிட்டார்கள். கூட்ட அறையில் சமிக்ஞை நின்று நின்று வந்தது. டேப் வைத்து அளந்தவர்கள் ஒரு கைப்பேசியை எடுத்துக்கொண்டு நான்கு மூலைக்கும் நடந்து பார்த்திருந்தால் போதும். மூன்று வாரம் கழித்து வந்து, நடைபாதையின் நடுவுக்கு மாற்றினார்கள். அதற்குப் பணம் கேட்கவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும்.

அடுத்தது சோதனை. ஒவ்வொரு பாயின்டையும் விளக்கெரியும் சிறு டெஸ்டரால் மட்டுமே சோதித்தார்கள். கேபிளுக்குள் இரண்டிரண்டாக முறுக்கி நான்கு இணைகளாக இருக்கும் எட்டுக் கம்பிகளும் வரிசையாகச் சேர்ந்திருக்கின்றனவா என்பதைத்தான் அது சொல்லும். கம்பி இணைகளுக்கிடையே குறுக்கீடு எவ்வளவு, அந்த வழியில் உரிய வேகம் செல்லுமா என்பதைச் சொல்லாது. அதற்குரிய சான்றளிப்புக் கருவியால் அளந்து அறிக்கை தருவதானால் பாயின்டுக்கு இவ்வளவு கூடுதல் என்றார்கள், நான் வேண்டாம் என்றேன். அந்தச் சிக்கனம் என் பிழை. எட்டு மாதங்கள் கழித்து பேட்டர்ன் பிரிவில் ஒரு கணினி மட்டும் மந்தமாகிவிட்டது. நூறு மெகாபிட்டுக்கு இரண்டு இணைகள் போதும், ஜிகாபிட்டுக்கு நான்கு இணைகளும் வேண்டும். சுவர்ப் பெட்டிக்குள் ஓர் இணையின் முறுக்கை அளவுக்கு மேல் பிரித்து அரைகுறையாக அழுத்தியிருந்ததால் தொடர்பு தளர்ந்து, கணினி தானாகவே குறைந்த வேகத்துக்கு இறங்கியிருந்தது. நாற்பத்தாறு பாயின்டுகளில் ஒன்று என்பதால் பெரிதுபடுத்தவில்லை.

பெரிதுபடுத்த வேண்டியது ஒன்று உண்டு. பணி முடிந்த நாளில் எங்களிடம் அவர்கள் ஒப்படைத்தது ஒரு சாவியும் ஒரு பில்லும் மட்டுமே. அந்த அரை நாள் அளந்து வரைந்த வரைபடம் அவர்களிடமே இருந்துவிட்டது. பேட்ச் பேனலில் எண் ஒட்டவில்லை. சுவர்ப் பெட்டிகளிலும் ஒட்டவில்லை. சுவிட்சுகளின் கடவுச்சொற்கள் நிறுவிய பொறியாளரின் கைப்பேசியில் இருந்தன. அடுத்த வாரம் அனுப்புகிறோம் என்றார்கள். எத்தனையோ அடுத்த வாரங்கள் போயின.

ஆறாவது மாதத்தில், ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, மூன்று தளங்களிலும் ஒரே நேரத்தில் எல்லாம் நின்றது. டேலி திறக்கவில்லை, பிரின்டர் பதில் சொல்லவில்லை, சுவிட்சுகளின் பச்சை விளக்குகள் மட்டும் பேய் பிடித்தது போல ஒன்றாகத் துடித்தன. அன்று மாலைக்குள் கப்பலேற்றும் ஆவணங்களை அனுப்பியாக வேண்டும். தொலைபேசியில் பிடித்தபோது, எங்கோ ஒரு கேபிளின் இரு முனைகளும் ஒரே வலையமைப்பில் செருகப்பட்டு வளையம் உண்டாகியிருக்கும், ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள் என்றார் பொறியாளர். எண் ஒட்டியிருந்தால் இரண்டு நிமிட வேலை. எண் இல்லாததால் நாற்பதுக்கும் மேற்பட்ட கேபிள்களை நானும் கணக்காளரும் ஒவ்வொன்றாகப் பிடுங்கி, விளக்கைப் பார்த்து, மறுபடி செருகி, பழைய பூஜை அறைக்குள் வியர்த்து வழிய நின்றோம். ஒன்றேமுக்கால் மணி நேரம் கழித்து, தரைத்தளத்துக்குப் போகும் ஃபைபரைக் கழற்றியதும் விளக்குகள் அடங்கின. சாம்பிள் அறையைக் கூட்ட வந்த அக்கா, தரையில் கிடந்த பேட்ச் கார்டு காலில் சிக்குகிறதே என்று அதன் தனித்து நின்ற முனையை எடுத்து, மேசைக்கு அருகில் காலியாக இருந்த இரண்டாவது பாயின்டில் செருகி வைத்திருக்கிறார். அதன் மறுமுனை பக்கத்துப் பாயின்டிலேயே இருந்தது. அவர் மீது என்ன தவறு? ஒழுங்காகத்தான் செய்ய நினைத்தார்.

இப்படி ஒரு வளையம் உண்டானால், எல்லோருக்கும் பொதுவாக அனுப்பப்படும் தகவல்கள் முடிவில்லாமல் சுற்றிச் சுற்றிப் பெருகி வலையமைப்பையே மூழ்கடித்துவிடும். இதைத் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீ என்னும் முறையை ரேடியா பெர்ல்மன் 1985-இலேயே உருவாக்கிவிட்டார். நாங்கள் விலை கொடுத்து வாங்கிய சுவிட்சுகளில் அந்த வசதி இருக்கிறது. நிறுவியவர்கள் அதை இயக்கி வைக்கவில்லை. இயக்குவதற்கு வேண்டிய கடவுச்சொல்லும் எங்களிடம் இல்லை. திங்கட்கிழமை பொறியாளர் வந்து, மடிக்கணினியைத் திறந்து, ஐந்து நிமிடத்தில் செய்துவிட்டுப் போனார். அன்றுதான் நான் குரலை உயர்த்திப் பேசினேன். வரைபடமும், கடவுச்சொற்கள் எழுதிய மூடிய உறையும், அச்சிட்ட எண் பட்டைகளும் அந்த வாரத்திலேயே வந்து சேர்ந்தன. வரைபடம் மிக நேர்த்தியாக இருந்தது என்பதுதான் கூடுதல் வருத்தம்: அதை வரைந்தவர்களுக்கு, அது யாருக்காக வரையப்பட்டது என்பது மட்டும் தெரியவில்லை.

யூபிஎஸ் பற்றி ஒரு வரி. முதல் தளத்து ரேக்குக்கு வைத்தார்கள், தரைத்தளத்துச் சுவர்ப் பெட்டிக்கு வைக்கவில்லை. விலைப்புள்ளியில் அது விடுபட்டிருந்ததை நானும் கவனிக்கவில்லை. பிறகு நாங்களே சிறியதாக ஒன்று வாங்கிக்கொண்டோம்.

என் மதிப்பெண் ஐந்துக்கு மூன்றரை. இடம் தேர்வதிலும், தளங்களுக்கிடையே வழி அமைப்பதிலும், கேபிளின் தரத்திலும் இவர்கள் மற்ற இருவரையும்விட வெகுதூரம் முன்னே நிற்கிறார்கள். கேட்ட விலை கூடுதல்தான், ஆனால் நியாயமானது. இவர்களிடமோ இவர்களைப் போன்றவர்களிடமோ பணி கொடுப்பவர்கள், கடைசித் தவணைப் பணத்தை வரைபடமும் எண் பட்டைகளும் கடவுச்சொற்களும் கைக்கு வரும்வரை கொடுக்காமல் வைத்துக்கொள்வது நல்லது. நான் பணி முடிந்த மாலையே இனிப்போடு சேர்த்து முழுத்தொகையையும் கொடுத்துவிட்டேன்.

இப்போது மொட்டை மாடியில் தகரக் கூரை போட்டு, தரச் சோதனைப் பிரிவை அங்கே கொண்டுபோக இருக்கிறோம். அன்று நான் மனமில்லாமல் பணம் கொடுத்த காலிக் குழாயில் இரண்டாம் தளம் வரை வழி தயாராக இருக்கிறது, நைலான் கயிறும் உள்ளேயே இருக்கிறது. அதே நிறுவனத்தைத்தான் அழைத்திருக்கிறேன். இம்முறை பணி ஆணையின் முதல் வரியில் வரைபடம் என்று எழுதியிருக்கிறேன். மேற்பார்வையாளர் அதைப் படித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் கையெழுத்திட்டார்.